இளம் ஆய்வாளரின் இணையக் கருவிகளும் தமிழ்ச் சொல்லின் எல்லையும்

0. முன்னுரை

தமிழ் மொழியியலில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொள்வோரின் அன்றாடப் பணி கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. சொற்களை அட்டைகளில் எழுதி, அகரவரிசைப்படுத்திப் பெட்டிகளில் அடுக்கிய தலைமுறையினர் ஓராண்டில் திரட்டிய சான்றுகளை இன்றைய ஆய்வாளர் ஒரு பிற்பகலில் திரட்டிவிடலாம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இந்நம்பிக்கை முற்றிலும் பிழையன்று. ஆயின், அப்பிற்பகலில் அவர் கையாளும் கருவிகள் பலவும் 'சொல்' என்பது இன்னது என்னும் வரையறை ஒன்றைத் தம்முள் கொண்டுள்ளன. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே நிற்கும் எழுத்துச்சரமே சொல் என்பது அவ்வரையறை. ஆங்கிலத்துக்கு ஏறத்தாழப் பொருந்தும் இது, ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்குப் பொருந்தாது என்பதை மொழியியலார் நன்கு அறிவர். அறிந்த இச்செய்தி ஆய்வாளரின் அன்றாடத்தில் எங்கெங்கே குறுக்கிடுகிறது, அதனால் அவருடைய முடிவுகளும் அவருடைய நிலையும் எவ்வாறு பாதிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தமிழில் ஆய்வேடு எழுதுவோரே இங்குக் கருத்தில் கொள்ளப்படுகின்றனர்.

1. அன்றாடம்

ஆய்வுக்குப் பதிவு செய்து இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆன ஒருவரின் நாள் பெரும்பாலும் கைப்பேசியில் தொடங்குகிறது. நெறியாளர் இரவில் அனுப்பிய திருத்தங்களைப் பார்ப்பது, தம் தலைப்புக்கு நெருங்கிய ஆய்வேடு ஏதேனும் சோத்கங்காவில் புதிதாக ஏறியுள்ளதா என்று நோக்குவது ஆகியவை விடுதியிலோ பேருந்திலோ முடிந்துவிடுகின்றன. முற்பகலில் களப்பணி ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்துப்படுத்தும் வேலை. இதற்கு நெதர்லாந்தில் உருவான இரு மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நைமேகன் நகரின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் 'ஈலான்' பேச்சைக் காலக்குறிப்போடு வரிசைப்படுத்த உதவுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' ஒலியலைகளை அளக்க உதவுகிறது. பிற்பகலில் அகராதிகளும் மின்னூலகங்களும். இரவில் எழுத்தும் துணைநூற்பட்டியலும்.

இதழ்களைப் பெறுவதில் அண்மையில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சுயநிதிக் கல்லூரிகளின் ஆய்வாளர் அதன் முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் கட்டுரையாசிரியர்க்கே கடிதம் எழுதிப் படி கேட்கும் பழைய வழியைத் தொடர்கின்றனர்.

ஒலி சார்ந்த கருவிகள் மொழி வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்குத் தமிழும் டச்சும் ஒன்றே. இடர்ப்பாடு எழுத்து சார்ந்த கருவிகளில்தான் தொடங்குகிறது.

2. தேடலும் கிடைக்காமையும்

2.1 மின்னுரையில் ஒரு சொல்லைத் தேடுவது எளிய செயல் போலத் தோன்றும். 'நூல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிக்கோடு எனப்படும் ஒருங்குறியில் இது ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என நான்கு குறியீடுகளின் தொடர். 'நூலை' என்பதில் புள்ளி இல்லை. அதன் இடத்தில் ஐகாரக் குறி நிற்கிறது. ஆகவே 'நூல்' என்று தேடுபவர்க்கு நூலை, நூலின், நூலால் ஆகிய எவையும் கிடைப்பதில்லை, 'நூற்பா'வும் கிடைப்பதில்லை. புள்ளியை நீக்கி 'நூல' என்று தேடினால் வேற்றுமை வடிவங்கள் கிடைக்கும். உடன் 'நூலகம்' முழுவதும் வந்து கொட்டும். 'மரம்' என்பது இன்னும் கடினம். மரத்தை, மரங்கள் என்பவற்றுக்குப் பொதுவாக எஞ்சுவது 'மர' மட்டுமே. அதைத் தேடினால் மரபும் மரணமும் வருவதோடு, எழுத்தெல்லையைப் பாராத கருவியில் மருந்தும் மரியாதையும்கூட வரும். ஏனெனில் குறியீட்டு நிலையில் 'மரு' என்பது 'மர' என்பதன்மேல் ஓர் உகரக் குறி ஏறியது, அவ்வளவே.

இதற்குக் காரணம் 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கு 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைப் பின்பற்றியமை. அம்முறையில் அகரம் ஏறிய மெய்யே அடிப்படை. தனிமெய் அதன்மேல் புள்ளியிட்டுப் பெறப்படுவது. தமிழிலக்கணத்தில் மெய் அடிப்படை; உயிர் அதன்மேல் ஏறுவது. இரு நோக்குகளும் அச்சில் ஒரே உருவத்தைத் தருவதால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தேடும்போதும் வரிசைப்படுத்தும்போதும் புலப்படுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பதினாறு துணுக்கு முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்றது. ஆயின் இணையத்தில் நிலைபெற்றது ஒருங்குறியே.

இவற்றோடு தட்டச்சுப் பிழைகளும் சேர்கின்றன. 'கௌ' என்பதற்கு மாற்றாகக் 'கெ' என்பதன் பின் ளகரத்தை இடுவது மிகப் பரவலான வழக்கம். அச்சில் வேறுபாடு தெரியாது, தேடலில் கௌரவம் கிடைக்காது. ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறி விதிக்கிறது. அவ்விதியைப் பின்பற்றாத கருவிகளும் உள்ளன.

2.2 செய்யுள் உரைகளில் சிக்கல் வேறு வகையினது. அச்சிட்ட செய்யுளில் இடைவெளி குறிப்பது சீரின் எல்லையை, சொல்லின் எல்லையை அன்று. உயர்திணையில் 'கள்' ஈறு பரவிய வரலாற்றை ஆராயும் ஒருவர் திருக்குறளில் அவ்வீறு வரும் இடங்களைத் தேடுவதாகக் கொள்வோம். 919ஆம் குறளில் 'பூரியர்கள்' ஒரே சீராக அமைந்திருப்பதால் எளிதில் அகப்படும். 263ஆம் குறளில் வரும் 'மற்றையவர்கள்' இரண்டு சீர்களில் பிளவுபட்டு நிற்கிறது. சீர் பிரித்த பதிப்பைத் தட்டச்சிட்ட மின்னுரையில் முழுச்சொல்லாகத் தேடினால் அது இல்லை என்றே கருவி விடை தரும். ஈற்றை மட்டும் தேடினாலோ கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கள்ளும் வரும். மறுபுறம், வேற்றுமை ஏற்றுக் 'களை', 'களுக்கு' என நிற்கும் வடிவங்கள் புள்ளி இழந்தமையால் விடுபடும்.

மிகையாக வருபவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம். விடுபட்டவற்றை அவ்வாறு பார்க்க இயலாது. ஆய்வு முறையியல் நோக்கில் இதுவே கருதத்தக்கது. 'இவ்வடிவம் இந்நூலில் பயிலவில்லை' என்னும் எதிர்மறைக் கூற்று வரலாற்று மொழியியலின் இன்றியமையாச் சான்று. ஒரு வடிவத்தின் காலத்தை வரையறுப்பதற்கும், ஒரு நூலின் காலத்தை வரையறுப்பதற்கும் அதுவே பெரும்பாலும் துணைசெய்கிறது. 1962இல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவைப் போன்ற ஒரு நூலைப் பார்த்து 'இல்லை' என்று எழுதியவர், புணர்ச்சியை ஒவ்வோர் இடத்திலும் கையால் பிரித்த ஒருவரின் முடிவை நம்பி எழுதினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவுக்கும் இது பொருந்தும். பிரிப்பில் தவறு இருக்கலாம். ஆயினும் அது காரணம் கேட்கத்தக்க ஒரு முடிவு. தேடுகட்டத்தில் ஓர் எழுத்துச்சரத்தை இட்டு 'இல்லை' என்று எழுதுபவர் எதை நம்பி எழுதுகிறார் என்பது ஆய்வேட்டைப் படிப்பவர்க்குத் தெரிவதில்லை. சில வேளைகளில் எழுதியவர்க்கே தெரிவதில்லை.

இதை உணர்ந்த ஆய்வாளர் மேற்கொள்ளும் நடைமுறை ஒன்று உண்டு. ஒரு பெயர்ச்சொல்லுக்கு எட்டு முதல் பத்துத் தேடல்வடிவங்களை முதலில் தாளில் எழுதிக்கொள்கின்றனர்: எழுவாய், சாரியை ஏற்ற அடி, பன்மை, வல்லின ஒற்று மிக்க வடிவம், திரிந்த வடிவம், முதலெழுத்து இழந்து முன்சொல்லோடு புணர்ந்த வடிவம் என்று அவை விரியும். எந்த மின்னுரை, எந்தப் பதிப்பை ஒட்டியது, எந்நாளில் தேடப்பட்டது என்பவற்றையும் குறிக்கின்றனர். மின்னுரைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் நாளைக் குறிப்பது மிகையன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் முதலில் வேறொரு குறியீட்டு முறையில் வெளியாகிப் பின்னரே ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. இத்தேடல் பட்டியலை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் வேரூன்றவில்லை; களப்பணி வினாநிரலைச் சேர்ப்பது கட்டாயமாக இருக்கும்போது இதைச் சேர்க்காமைக்குக் காரணம் ஏதும் இல்லை.

2.3 அகராதிகளைப் பயன்படுத்துவதிலும் இத்தகைய பயிற்சி தேவைப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் (1924-1936, இணைப்பு 1939) பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல்லகராதியின் இரண்டாம் பதிப்பும் (1984) சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. லெக்சிகனில் வினைகள் 'செல்-தல்' என்றாற்போலத் தொழிற்பெயராக நிற்பதால் 'சென்றான்' என்று இடுபவர்க்குப் பயன் இல்லை. ழகரத்தை உரோமன் எழுத்தில் லெக்சிகன் அடிக்கோடிட்ட 'எல்' ஆகவும் வேர்ச்சொல்லகராதி அடிப்புள்ளியிட்ட 'இசட்' ஆகவும் எழுதுகின்றன. 'பழம்' என்னும் சொல்லை ஓர் அகராதியில் கண்டு, அதே எழுத்துக்கூட்டலை மற்றதில் ஒட்டித் தேடும் தொடக்க ஆய்வாளர் அச்சொல் திராவிட வேர் உடையதன்று என்னும் முடிவுக்கே வந்துவிடக்கூடும்.

2.4 நாட்டின் ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறையை ஒட்டி இன்ஃபிளிப்நெட் மையத்தால் அமைக்கப்பட்டது. பழைய தமிழ் ஆய்வேடுகள் பல அதில் படக்கோப்புகளாகவே உள்ளன. வேறு சில, ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்த காலத்தவை. 1999இல் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்னும் தரங்களை அறிவித்த பின்னும் அக்குழப்பம் உடனே நீங்கவில்லை. இவற்றின் உள்ளடக்கம் தேடுபொறிக்கு உரோமன் எழுத்துகளின் கலவையாகவே தெரியும். எனவே தம் தலைப்பில் முன்னாய்வு இல்லை என்று முன்னுரையில் எழுதும் ஆய்வாளர், 1980களிலும் 1990களிலும் நடந்த வேலைகளை அறியாமலே எழுதும் நிலை ஏற்படுகிறது. துறை நூலகத்தின் ஆய்வேட்டு அலமாரியை ஒருமுறை நின்று பார்ப்பதற்கு மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

3. பதினான்கு சொற்கள்

ஆய்வேட்டை ஒப்படைக்கும் கட்டத்தில் சொல்லின் எல்லை வேறொரு வடிவில் எதிர்ப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறை, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை என்கிறது. 10க்கு மேல் 40 வரை எனில் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை எனில் ஓராண்டு தடை. அதற்கும் மேல் எனில் பதிவு நீக்கம். பொதுவறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்கள், அடுத்தடுத்துப் பதினான்கு சொற்கள் வரை, கணக்கில் சேரா என்றும் அவ்விதி கூறுகிறது.

பதினான்கு என்பது எம்மொழியின் பதினான்கு என்பதை விதி கூறவில்லை. 'காத்துக்கொண்டிருந்தவர்களுடைய' என்னும் ஒரு சொல்லின் பொருளை ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். எனவே தமிழில் பதினான்கு சொற்கள் தொடர்ந்து ஒத்திருப்பது ஆங்கிலத்தில் ஒத்திருப்பதைவிட நீண்ட கருத்துப் பகுதி ஒத்திருப்பதாகும். சலுகை தமிழ் ஆய்வாளர்க்கு மிகுதி என்று இதனைக் கொள்ளலாம். ஆனால் அச்சொல்லையே 'காத்துக் கொண்டு இருந்தவர்களுடைய' என்று பிரித்து எழுதுவாரும் உளர்; அவர்க்கு அது மூன்று சொல். துணைவினைகளைச் சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா என்பதில் தமிழில் ஒருமித்த மரபு இல்லை. ஒரே வாக்கியம் எழுதுவோர் பழக்கத்துக்கேற்ப ஒன்பது சொல்லாகவும் பதினைந்து சொல்லாகவும் எண்ணப்படும் இடத்தில் சொல்லெண்ணிக்கை அளவுகோலாக அமைவது எங்ஙனம் என்பது எண்ணத்தக்கது.

மேற்கோள்களால் வரும் இடர் இதனினும் பெரிது. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களை விதி விலக்குகிறது. ஆனால் தமிழ் ஆய்வேடுகளில் செய்யுளும் நூற்பாவும் மேற்கோள்குறி இன்றி உள்தள்ளி அச்சிடப்படுவதே மரபு. குறியைக் கண்டே மேற்கோள் என்று உணரும் மென்பொருளுக்கு, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை ஆராயும் ஆய்வேட்டின் நூற்பாக்கள் எல்லாம் திருட்டாகவே தோன்றும். அவ்வாறு வரும் அறிக்கையைப் படித்து விலக்க வேண்டியதை விலக்குவது நெறியாளரும் நூலகரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அவர்களுக்கு நேரம் இல்லாதபோது ஆய்வாளர் தாமே நூற்பாக்களைக் குறைத்து, எண்களை மட்டும் தந்து, விழுக்காட்டைக் கீழே கொண்டுவருகிறார். உதவித்தொகைக் காலம் முடியும் தறுவாயில் நிற்பவர்க்கு ஆறு மாதம் என்பது சிறிய இழப்பன்று. ஆதலால் அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் சான்று குறைந்த இலக்கண ஆய்வேடு உருவாவதற்கு இது வழிவகுக்கிறது.

உண்மையான திருட்டோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. படக்கோப்பாக உள்ள பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்தெழுதியது ஒப்பிடப்படுவதே இல்லை. எழுத்துச்சரங்களை ஒப்பிடும் முறையில், ஒற்று மிகும் இடங்களை மாற்றி, புணர்ச்சியைப் பிரித்து எழுதினாலே ஒப்புமை குன்றும். ஆங்கில நூலொன்றின் இயலை மொழிபெயர்த்துத் தம்முடையதாக வைத்தாலும் அகப்படுவது அரிது. இன்ஃபிளிப்நெட் 2019இல் தொடங்கிய சோத்சுத்தித் திட்டத்தின் வழி ஒப்புமை காணும் வசதி நாடெங்கும் பரவியதால் ஆங்கில ஆய்வேடுகளில் ஏற்பட்ட அச்சம் தமிழிலும் ஏற்பட்டது. ஆய்வு நேர்மையும் அதே அளவில் ஏற்பட்டது என்று கூறுவதற்கில்லை.

4. பெயர்

துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்த 2006இல் வெளிவந்த 'சோட்டரோ' போன்ற மென்பொருள்கள் பெரிதும் பயன்படுகின்றன. அவை ஆசிரியர் பெயரைக் குடும்பப்பெயர், இயற்பெயர் என இரு கட்டங்களாகக் கேட்கும். தமிழர் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தலைப்பெழுத்து தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கும். படிவத்தை நிரப்பும் கட்டாயத்தால் தலைப்பெழுத்தை விரித்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்ட ஆய்வாளர், அதன் பின்னர் அயல்நாட்டு இதழ்களில் தந்தையின் பெயராலேயே மேற்கோள் காட்டப்படுகிறார். பெண் ஆய்வாளர் திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றினால் அவருடைய கட்டுரைகள் இருவருடையவையாகப் பிரிகின்றன.

எழுத்துக்கூட்டலும் இவ்வாறே. ச. அகத்தியலிங்கம் ஆங்கிலத்தில் தம் பெயரை 'அகெஸ்தியலிங்கொம்' என்று படிக்கத்தக்கவாறு எழுதினார், வ. அய். சுப்பிரமணியத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் 'சுப்ரமோனியம்' என்றே ஒலிக்கும். தமிழில் தேடுபவர்க்கு அவர்களுடைய ஆங்கில நூல்களும், ஆங்கிலத்தில் தேடுபவர்க்குத் தமிழ் நூல்களும் கிடைப்பதில்லை. மூத்தோர்க்கு இதனால் இழப்பில்லை. அவர்களைத் துறை அறியும். எண்ணிக்கை பார்த்து மதிப்பெண் வழங்கும் தேர்வுக்குழுவின் முன் நிற்கும் இளையோர்க்கு இழப்பு உண்டு. 2012இல் தொடங்கிய 'ஆர்க்கிட்' என்னும் பதினாறு இலக்க அடையாள எண் இதற்கு ஓரளவு தீர்வு. பெயரின் பல வடிவங்களை ஒரே எண்ணின்கீழ்ப் பதிய அது இடம் தருகிறது. முதற்கட்டுரையை அனுப்பும் முன்பே அதைப் பெற்றுக்கொள்வது நன்று.

5. கலைச்சொல்லும் ஆங்கிலச் சுருக்கமும்

தமிழ்க் கட்டுரைக்கும் ஆங்கிலச் சுருக்கமும் திறவுச்சொற்களும் கேட்கும் இதழ்கள் பல. மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விடம் கருத்துக்குரியது. தமிழுக்குள்ளேயே கலைச்சொற்கள் ஒன்றுபடவில்லை. மொழித்தரவுகளின் பெருந்தொகுப்பைத் தரவகம் என்பாரும் சொற்றொகுதி என்பாரும் உளர். கருத்தாடல் என்று ஒருவர் எழுதுவதைச் சொல்லாடல் என்று மற்றொருவர் எழுதுகிறார். இரு சாராரும் ஒருவர் கட்டுரையை ஒருவர் தேடிக் காண்பதில்லை. ஆங்கிலத் திறவுச்சொல்லே இவ்விடைவெளியை இணைக்கும் பாலமாக அமைகிறது.

அப்பாலத்தை இன்று பெரும்பாலும் இயந்திரம் கட்டுகிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழ் இடம்பெற்றது. 2017இல் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறிய பின் அதன் வாக்கிய அமைப்பு வெகுவாகச் சீர்பட்டுள்ளது. சீர்பட்டமையே புதிய இடர்ப்பாட்டுக்குக் காரணம். வாக்கியம் செம்மையாக இருப்பதால் சொல்லை எவரும் ஐயுறுவதில்லை. தமிழிலக்கணக் கலைச்சொற்கள் பல பொதுவழக்குச் சொற்களும் ஆகும். பால், எச்சம், வேற்றுமை, இடம், எண் ஆகியவை இத்தன்மையன. சூழல் போதாத திறவுச்சொல் பட்டியலில் இயந்திரம் பொதுப்பொருளையே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. 'வேற்றுமை' என்பது 'கேஸ்' என்று பெயர்க்கப்படாமல் 'டிஃபரன்ஸ்' என்று பெயர்க்கப்பட்டால், வேற்றுமை உருபுகளை ஒப்பிட்டு ஆராயும் உலக அறிஞர் எவர் கண்ணிலும் அக்கட்டுரை படப்போவதில்லை. மூன்றாண்டு உழைப்பு ஒரு சொல்லால் மறைந்துபோகும்.

ஆங்கிலத்தை மீண்டும் அதே இயந்திரத்தால் தமிழாக்கிச் சரிபார்க்கும் வழக்கம் ஆய்வாளரிடையே காணப்படுகிறது. இச்சோதனை போதாது. தவறான ஆங்கிலச் சொல் திரும்பி வரும்போது மீண்டும் 'வேற்றுமை' என்றே வந்து நிற்கக்கூடும். பிழை நிகழ்ந்ததற்கான தடயமே அப்போது இருக்காது. தமிழ் மூலத்தைப் பாராத, ஆனால் மொழியியல் அறிந்த ஒருவரிடம் ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்பதே பயன் தரும் வழி. அத்தகையவர் வேறொரு மொழித் துறையிலிருந்து வந்தவராயின் மிகவும் நன்று.